வாடகைக் குடித்தனமும் வீட்டுப் பொருள் காப்பீடும்

2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டின் நகர்ப்புறங்களில் வாழ்ந்த குடும்பங்கள் ஏறத்தாழ 7 கோடியே 89 இலட்சம். இவற்றுள் 27.6 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 2 கோடியே 18 இலட்சம் குடும்பங்கள், வாடகை வீடுகளில் குடியிருந்தன. பெருநகரங்களில் அலுவலகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், சிறு வணிகர்கள், மாற்றல் பெற்று வரும் அரசு ஊழியர்கள் எனப் பலதரப்பட்டோர் இத்தொகையில் அடங்குவர். தீ, வெள்ளம், நில நடுக்கம் ஆகியவை நேர்ந்தபின் சொந்த வீட்டுக்காரருக்கு மனையாவது எஞ்சும். வாடகைக் குடித்தனக்காரருக்கோ, இரண்டு மூன்று அறைகளுக்குள் அடங்கிய பண்டபாத்திரங்களும் துணிமணிகளும் மின் சாதனங்களுமே பல ஆண்டுச் சேமிப்பின் முழு உருவம். அவை அழிந்தால் அடுத்த மாதமே அவர் கடன் வாங்கித்தான் குடித்தனத்தை மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. 2006 ஆகஸ்டில் சூரத்தும், 2014 செப்டம்பரில் ஸ்ரீநகரும், 2015 டிசம்பரில் சென்னையும் நீரில் மூழ்கின. இத்தகைய நிகழ்ச்சிகளில் தரைத் தளக் குடியிருப்புகளில் இருந்தவர்களின் வீட்டுப் பொருள்கள் சில மணி நேரத்தில் பயனற்றுப் போயின. இவ்விழப்பை ஈடு செய்யும் பாலிசிகள் நம் நாட்டில் நெடுங்காலமாகவே விற்பனையில் உள்ளன. அவற்றின் விலையும் அதிகமன்று. ஆயினும் வாடகைக்குக் குடியிருப்போருள் இவற்றை வாங்கியவர் மிகச் சிலரே. வாங்க முன்வருவோரும் பெரும்பாலும் பிரிமியத் தொகைகளை மட்டும் அருகருகே வைத்துப் பார்த்து, குறைந்ததைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வாறு ஒப்பிடுவது ஏன் போதாது, எவ்வாறு ஒப்பிடலாம் என்பதை இங்கு ஆராய்வோம்.

வீடு யாருடையது, பொருள் யாருடையது

ஒருவர் தமக்கு உரிமையோ பொறுப்போ உள்ள பொருளின் மீதுதான் காப்பீடு செய்ய இயலும். கட்டடம் வீட்டுக்காரருடையது. அதனைக் காப்பீடு செய்வதும் அவருடைய பொறுப்பே. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் உரிமையாளர் சங்கம் கட்டடம் முழுவதற்கும் ஒரே பாலிசி எடுப்பதுண்டு. இதனைக் கேள்வியுறும் குடித்தனக்காரர், “கட்டடத்திற்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே” என்று ஆறுதல் கொள்கிறார். இது தவறான ஆறுதலாகும். அப்பாலிசி சுவருக்கும் கூரைக்கும் பொது மின் தூக்கிக்கும் பணம் தரும். மூன்றாம் தளத்துக் குடித்தனக்காரரின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் தராது.

மறுபுறம், கட்டடத்தைப் பொறுத்தவரை குடித்தனக்காரருக்குப் பொறுப்பே இல்லை என்றும் கூற முடியாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, இயல்பான தேய்மானமும் தடுக்க முடியாத சக்தியால் விளைந்த மாறுதலும் நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டிய கடமையைக் குடியிருப்பவர் மீது வைக்கிறது. தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றால் வீட்டின் முக்கியப் பகுதி நிலையாகப் பயனற்றுப் போனால் குத்தகையை முறித்துக்கொள்ளும் உரிமையையும் இதே பிரிவு அவருக்கு வழங்குகிறது. ஆனால் அச்சேதம் அவருடைய தவறான செயலாலோ கடமை தவறியதாலோ நேர்ந்திருந்தால் அவ்வுரிமை கிட்டாது. அடுப்பை அணைக்காமல் விட்டதால் பற்றிய தீயில் வீட்டுக்காரரின் சமையலறை எரிந்தது எனக் கொள்வோம். வீட்டுக்காரருக்கு நஷ்ட ஈடு வழங்கிய காப்பீட்டு நிறுவனம், அவருடைய இடத்தில் நின்று, தவறு செய்தவரிடமிருந்து அத்தொகையைக் கோரலாம். ஆகவே குடித்தனக்காரருக்கு இரு வகைக் காப்பு தேவைப்படுகிறது. தம் பொருளுக்கான காப்பு ஒன்று. பிறருக்குத் தம்மால் விளையும் சேதத்திற்கான பொறுப்புக் காப்பு மற்றொன்று. விலைப் பட்டியல்களில் முதலாவது எப்போதும் இருக்கும். இரண்டாவது இருக்கிறதா என்று கேட்டுத்தான் அறிய வேண்டும்.

விலை நிர்ணயம் வந்த வழி

பொதுக் காப்பீட்டுத் தொழில் 1972ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசியமயமாக்கப்பட்டது. 107 நிறுவனங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, 1973 ஜனவரி முதல் நாளிலிருந்து நேஷனல், நியூ இந்தியா, ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்னும் நான்கு நிறுவனங்களாக, பொதுக் காப்பீட்டுக் கழகத்தின் கீழ் இயங்கலாயின. அக்காலத்தில் தீக் காப்பீட்டுக் கட்டண வீதத்தைக் கட்டண ஆலோசனைக் குழுவே வகுத்தது. எந்த நிறுவனத்திடம் சென்றாலும் வீதம் ஒன்றே. எனவே விலையை ஒப்பிடும் பேச்சுக்கே இடமில்லை.

1999ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை ஆணையச் சட்டத்திற்குப் பின் தனியார் நிறுவனங்கள் இத்துறையில் நுழைந்தன. 2007 ஜனவரி முதல் நாளிலிருந்து தீக் காப்பீட்டில் கட்டண வீதக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அன்று முதல் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு நிறுவனங்கள் வெவ்வேறு விலை கூறலாயின. விலை மாறியதோடு நிற்கவில்லை. காலப்போக்கில் உள்ளடக்கமும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்டது. வாங்குவோர் எதனை எதனோடு ஒப்பிடுவது என அறியாது திகைத்தனர்.

இக்குறையை ஓரளவு போக்கும் வகையில், ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொது வடிவப் பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டும் எனப் பணித்தது. இதன் வாசகம் எங்கும் ஒன்றே. வீதத்தை மட்டும் அந்தந்த நிறுவனம் முடிவு செய்யும். ஒப்பிட விரும்புவோருக்கு இது ஒரு நல்ல அடித்தளமாகும். கட்டடத்தை மட்டுமோ, பொருள்களை மட்டுமோ, இரண்டையும் சேர்த்தோ இதன் கீழ்க் காப்பீடு செய்யலாம். கட்டடத்தைக் காப்பீடு செய்யும் உரிமையாளருக்குக் கட்டடத் தொகையில் 20 விழுக்காடு வரை, ரூ.10 இலட்சம் உச்சவரம்புக்குட்பட்டு, பொதுப் பொருள்களுக்குத் தானாகவே காப்பு கிடைக்கிறது. குடித்தனக்காரருக்கு இந்தத் தானியங்கி வசதி இல்லை. அவர் தம் பொருள்களின் மதிப்பைத் தாமே கணக்கிட்டுத் தெரிவிக்க வேண்டும்.

திருட்டு பற்றிய மயக்கம்

தீ, வெடிப்பு, மின்னல், நில நடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், பயங்கரவாதச் செயல், நீர்த் தொட்டியும் குழாயும் வெடித்தல் அல்லது நிரம்பி வழிதல் முதலியன இப்பொது வடிவப் பாலிசியில் அடங்குகின்றன. பழைய தீப் பாலிசியில் நில நடுக்கத்திற்குத் தனிக் கட்டணம் செலுத்திக் கூடுதலாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இதில் அது உள்ளேயே அடங்கியிருப்பது வரவேற்கத்தக்கது.

பட்டியலின் இறுதியில் ‘திருட்டு’ என்ற சொல்லும் காணப்படும். இங்குதான் பலர் ஏமாறுகின்றனர். மேற்கூறிய விபத்துகளுள் ஒன்று நிகழ்ந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நிகழும் திருட்டு மட்டுமே இதில் அடங்கும். வெள்ளத்திற்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறியபோது பொருள் களவு போனால் பணம் கிடைக்கும். சாதாரணமானதொரு நாளில், குடும்பத்தார் திருமணத்திற்குச் சென்றிருக்கையில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடைக்காது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் குடியிருப்பவர் அஞ்சுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகைத் திருட்டையே அன்றோ? அதற்குக் கன்னக்களவுக் காப்பு எனத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. கன்னக்களவு என்பதற்குப் பாலிசி கூறும் இலக்கணம், பலவந்தமாக உள்ளே நுழைதல் அல்லது வெளியேறுதல் என்பதாகும். பாலிசியின் வாசகம் அவ்வாறு இருக்கையில், பலவந்தம் நிகழ்ந்ததற்கான அடையாளம் இல்லாத திருட்டுக்கு நஷ்ட ஈடு கோர இயலாது என்று 2004ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துள்ளது. குற்றவியல் சட்டப்படி அது திருட்டாக இருக்கலாம்; ஆனால் ஒப்பந்தப்படி அது கன்னக்களவு ஆகாது. திறந்திருந்த கதவு வழியே நுழைந்தவரும், வேலைக்கு வந்தவரும் எடுத்துச் சென்ற பொருளுக்குக் காப்பு வேண்டுமானால் பாலிசியில் அது வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலும், வீடு தொடர்ந்து குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் பூட்டிக் கிடந்தால் கன்னக்களவுக் காப்பு நின்றுவிடும் எனப் பல பாலிசிகள் கூறுகின்றன. ஆண்டு விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும் அலுவலர்கள் இந்நாட்களின் எண்ணிக்கையைக் கேட்டுக் குறித்துக்கொள்வது நலம்.

மூன்று விலைகள்: ஒரு கணக்கு

இனி விலைக்கு வருவோம். மாதம் ரூ.20,000 வாடகையில் இரு படுக்கையறை வீட்டில் குடியிருக்கும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். குளிர்பதனப் பெட்டி ரூ.30,000, சலவை இயந்திரம் ரூ.25,000, தொலைக்காட்சிப் பெட்டி ரூ.35,000, அறைக் குளிரூட்டி ரூ.40,000, கட்டில், பீரோ, மேசை முதலியன ரூ.90,000, அடுப்பு, மிக்சி, கிரைண்டர், பாத்திரங்கள் ரூ.45,000, துணிமணியும் படுக்கையும் ரூ.80,000, கணினியும் கைப்பேசிகளும் ரூ.85,000; புத்தகங்களும் பிறவும் ரூ.20,000. ஆக மொத்தம் ரூ.4,50,000. இத்தனை இராது என்று எண்ணுவோர் ஒருமுறை தம் வீட்டை அறை அறையாகக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். துணிமணியின் மதிப்பே பலரை வியப்பில் ஆழ்த்தும்.

கீழ்க்காணும் வீதங்கள் கணக்கை விளக்கும் பொருட்டு நாமே வைத்துக்கொண்டவை; எந்த நிறுவனத்தின் வீதமும் அல்ல. முதல் நிறுவனம் தீ மற்றும் இயற்கை இடர்களுக்கு மட்டும் ஆயிரத்துக்கு 50 பைசா வீதம் கேட்கிறது. பிரிமியம் ரூ.225, அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி ரூ.40.50, மொத்தம் ரூ.265.50. (2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு இவ்வரி நீக்கப்பட்டது. வீட்டுப் பொருள் காப்பீட்டுக்கு அச்சலுகை கிட்டவில்லை.)

இரண்டாம் நிறுவனம் அதே காப்புடன், முழுத் தொகைக்கும் கன்னக்களவுக் காப்பை ஆயிரத்துக்கு ரூ.1.50 வீதம் சேர்த்துத் தருகிறது. ரூ.225உம் ரூ.675உம் சேர்ந்து ரூ.900, வரி ரூ.162, மொத்தம் ரூ.1,062.

மூன்றாம் நிறுவனம் ‘முழுமையான வீட்டுப் பாலிசி’ என்ற பெயரில் ஒரு தொகுப்பை முன்வைக்கிறது. தீக் காப்பு முன்போலவே ரூ.225. கன்னக்களவுக் காப்பு மொத்த மதிப்பில் கால் பங்கான ரூ.1,12,500 வரை மட்டும், அவ்வரம்பின் மீது ஆயிரத்துக்கு ரூ.3 வீதம், ரூ.337.50. ரூ.1,30,000 பெறுமான நான்கு மின் சாதனங்களின் பழுதுக்கான காப்பு ஆயிரத்துக்கு ரூ.10 வீதம் ரூ.1,300. ஆக ரூ.1,862.50, வரி ரூ.335.25, மொத்தம் ரூ.2,197.75.

முதலாவது மலிவு, மூன்றாவது முழுமை என்று மேலோட்டமாகப் பார்ப்பவர் கூறுவார். முதலாவதில் கன்னக்களவுக் காப்பே இல்லை. மூன்றாவது, இரண்டாவதைவிட இரு மடங்கு விலையாயினும் கன்னக்களவுக்கு அதில் கிடைப்பது கால் பங்குக் காப்பே. வரி நீங்கிய தொகையில் ஏறத்தாழ 70 விழுக்காடு மின் சாதனப் பழுதுக்குச் செல்கிறது. சலவை இயந்திரம் பழுதானால் குடும்பம் சிரமப்படும், நிலை குலையாது. தாங்கக்கூடிய சிறு இழப்புகளுக்குப் பெரும் பணமும், தாங்க முடியாத பேரிழப்புக்குச் சிறு பணமும் செலவிடுவது காப்பீட்டின் நோக்கத்திற்கே முரணானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கால் பங்கு வரம்பு எல்லாருக்கும் தீமையானது என்றும் கூறவில்லை. திருடர் கட்டிலையும் பீரோவையும் தூக்கிச் செல்வதில்லை. எடுத்துச் செல்லக்கூடியவற்றின் மதிப்பு அவ்வரம்புக்குள் அடங்குமாயின் அது சிக்கனமான ஏற்பாடே. ஆனால் அதன் ஆயிரத்துக்கான வீதம் முழுக் காப்பின் வீதத்தைவிட உயர்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒப்பிடும் முறை இதுவாகும்: தொகுப்பின் மொத்த விலையைப் பாராது, ஒவ்வோர் இடருக்கும் தனித்தனியே காப்புத் தொகை எவ்வளவு, ஆயிரத்துக்கு என்ன வீதம் என்று எழுத்தில் கேட்டுப் பெற்று, ஒத்ததை ஒத்ததோடு வைத்துப் பார்க்க வேண்டும். தொகுப்பை விற்பவர் சில சமயம் இவ்விவரத்தைப் பிரித்துத் தரத் தயங்குவார். அத்தயக்கமே ஒரு விவரம்தான். சிறு தொகைகளுக்குக் குறைந்தபட்சப் பிரிமியம் விதிக்கும் நிறுவனங்களும் உண்டு. அந்நிலையில் காப்புத் தொகையைக் குறைப்பதால் ஒரு காசும் மிச்சமாகாது.

இரண்டாம் நிறுவனத்தின் ரூ.1,062 என்பது இக்குடும்பத்தின் ஆண்டு வாடகையான ரூ.2,40,000இல் அரை விழுக்காட்டிற்கும் குறைவு; மாதத்திற்கு ரூ.88.50. காக்கப்படும் பொருளோ ஏறத்தாழ இரண்டாண்டு வாடகைக்கு ஈடானது.

மதிப்பைக் குறைத்துக் கூறுவதன் விளைவு

பிரிமியத்தைக் குறைக்கும் எண்ணத்துடன் பொருள்களின் மதிப்பைப் பாதியாகக் கூறுவோர் உளர். பழைய பாலிசிகளில் இதற்குச் சராசரி விதி என்னும் தண்டனை உண்டு. ரூ.4,00,000 பெறுமான பொருள்களை ரூ.2,00,000க்குக் காப்பீடு செய்தவருக்கு ரூ.1,00,000 இழப்பு நேர்ந்தால், மறு பாதிக்கு அவரே தமக்குக் காப்பீட்டாளர் எனக் கருதி, ரூ.50,000 மட்டுமே வழங்கப்படும். மேற்கண்ட இரண்டாம் நிறுவனத்தின் வீதப்படி அவர் மிச்சம் பிடித்தது வரி உட்பட ரூ.472; இழந்தது ரூ.50,000. பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் இவ்விதி முற்றிலும் நீக்கப்பட்டுள்ளது. குறைத்துக் காப்பீடு செய்திருந்தாலும், காப்புத் தொகை வரையில் இழப்பு முழுதும் கிடைக்கும். ஆனால் இத்துடன் இணைத்து விற்கப்படும் கன்னக்களவுப் பிரிவிலோ பிற பாலிசிகளிலோ அவ்விதி தொடரக்கூடும். ஒரே உறைக்குள் வரும் இரு தாள்களும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்று எண்ணிவிடலாகாது.

மதிப்பிடும் முறையும் விலையைப் போலவே முக்கியமானது. இன்று புதிதாக வாங்கினால் ரூ.30,000 ஆகும் குளிர்பதனப் பெட்டியை ஆறாண்டு பயன்படுத்தியிருப்பதாகவும், ஆண்டுக்குப் பத்து விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படுவதாகவும் கொள்வோம். சந்தை மதிப்பு முறையில் கிடைப்பது ரூ.12,000. மாற்று மதிப்பு முறையில் அதே வகைப் பெட்டியைப் புதிதாக வாங்கும் செலவு கிடைக்கும். பொது வடிவப் பாலிசி மாற்று மதிப்பையே அடிப்படையாகக் கொள்கிறது. எனவே காப்புத் தொகையையும், வாங்கிய நாளின் விலையில் அல்லாது, இன்றைய விலையிலேயே கணக்கிட வேண்டும்.

நகையும் ரொக்கமும்

நகை, வெள்ளிப் பாத்திரம், ஓவியம் போன்ற மதிப்புமிக்க பொருள்கள் பொதுப் பொருள்களுள் அடங்கா. பொது வடிவப் பாலிசியில் இவற்றுக்கு விருப்பக் காப்பு உண்டு. மொத்தம் ரூ.5 இலட்சம் வரையிலும், தனிப் பொருள் ஒன்று ரூ.1 இலட்சத்தைத் தாண்டாத வரையிலும் மதிப்பீட்டுச் சான்றிதழ் கேட்கப்படுவதில்லை. ரொக்கப் பணம், காசோலை, பத்திரங்கள், தங்கக் கட்டி, பதிக்கப்படாத கற்கள், வாகனங்கள் ஆகியவை இதில் அடங்கா. மின் அழுத்தக் கோளாறாலோ குறுக்கு மின்னோட்டத்தாலோ கருகிப்போன தொலைக்காட்சிப் பெட்டிக்கும் பணம் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவி அருகிலிருந்த மேசை எரிந்தால் மேசைக்குக் கிடைக்கும். இவ்வேறுபாடு விளங்காமையால் எழும் மனக்கசப்பு சிறிதன்று.

நகருக்கு நகர்

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட நில நடுக்க மண்டல வரைபடத்தில் குவாஹாட்டி ஐந்தாம் மண்டலத்திலும், தில்லி நான்காம் மண்டலத்திலும், மும்பை, சென்னை நகரங்கள் மூன்றாம் மண்டலத்திலும், பெங்களூரு, ஐதராபாத் நகரங்கள் இரண்டாம் மண்டலத்திலும் வைக்கப்பட்டன. ஆதலால் ஒரு நகரத்து நண்பர் செலுத்தும் பிரிமியத்தை வேறொரு நகரத்தில் அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது.

மேல் தளத்தில் இருப்பவர், வெள்ளம் எட்டாது என்று காப்பீட்டையே தவிர்ப்பதும் சரியன்று. 2001 ஜனவரி 26ஆம் நாள் பூஜ் நில நடுக்கத்தின்போது, மையத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன. மேல் தளத்தில் இருந்தமை அங்கு எவரையும் காக்கவில்லை. வீடு குடியிருக்கத் தகுதியற்றுப் போய், வேறிடத்தில் கூடுதல் வாடகைக்குச் செல்ல நேர்ந்தால் அவ்வித்தியாசம் கிடைக்குமா என்பதையும் குடித்தனக்காரர் எழுத்து மூலம் கேட்டறிதல் வேண்டும். பொருள்களுக்கு மட்டும் காப்பு எடுப்பவருக்கு இக்கேள்வி மிகவும் தேவையானது.

பிரிமியம் இல்லாத காப்பு

சமையல் எரிவாயு இணைப்பு பெற்றோருக்காக எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு ஒன்றை எடுத்துள்ளன. எரிவாயுவே முதற்காரணமாக அமைந்த விபத்தில் உயிரிழந்தவர் ஒருவருக்கு ரூ.6 இலட்சமும், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு ரூ.2 இலட்சம் வரையிலும், பொருள் சேதத்திற்கு ஒரு விபத்துக்கு ரூ.2 இலட்சம் வரையிலும் இதில் வழங்கப்படும். இதற்கென நுகர்வோர் தனியாக எதுவும் செலுத்துவதில்லை. ஆனால் பொருள் சேதத்திற்கான உதவி, இணைப்பு பதிவாகியுள்ள முகவரியில் நிகழ்ந்த விபத்துக்கே உரியது. வீடு மாறியபின் இணைப்பின் முகவரியை மாற்றாதவரும், உறவினர் இணைப்பின் உருளையைக் கொண்டுவந்து சமைப்பவரும் இந்த உரிமையை இழக்க நேரிடும். வாடகைக் குடித்தனத்தில் இது மிகச் சாதாரணமாகக் காணப்படும் குறை.

ஏன் பரவவில்லை

கடன் பெற்று வீடு வாங்குபவரிடம் வங்கி காப்பீட்டை வலியுறுத்துகிறது. குடித்தனக்காரரை வலியுறுத்துவார் எவருமில்லை. ஆண்டுக்குச் சில நூறு ரூபாய் பிரிமியத்தில் முகவருக்குக் கிடைக்கும் தரகு, அவர் பேருந்தில் வந்து போகும் செலவுக்குக்கூடப் போதாது. எனவே விற்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. ஆயுள் நீங்கலான காப்பீட்டுப் பிரிமியம் நம் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே. அதிலும் மோட்டார் வாகனமும் மருத்துவமுமே பெரும் பகுதி.

2021 ஜூன் 2ஆம் நாள் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம், முன்பணத்தைக் குடியிருப்பு வீடுகளுக்கு இரு மாத வாடகைக்குள் வரையறுத்ததோடு, பழுது பார்க்கும் பொறுப்புகளையும் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையே பிரித்துக் காட்டியது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தையும் அது வற்புறுத்துகிறது. மாநிலங்கள் இதனைத் தழுவிச் சட்டம் இயற்றுகையில், கட்டடக் காப்பீடு உள்ளதா, பொருள் காப்பீடு யார் பொறுப்பு என்னும் இரு வரிகளை ஒப்பந்தப் படிவத்தில் சேர்ப்பது செலவில்லாத சீர்திருத்தமாகும். காப்பீட்டு நிறுவனங்களும், பொருள்களுக்கு மட்டுமான பொது வடிவப் பாலிசியின் ஆயிரத்துக்கான வீதத்தை நகர வாரியாக ஒரே தாளில் வெளியிடலாம். இதனைக் கட்டாயமாக்கினால் ஒப்பீடு எளிதாவதோடு, விலையும் தானே இறங்கும்.

மாற்றல் பெறும் அலுவலர்கள்

பொருள் காப்பீடு பாலிசியில் குறித்த முகவரிக்கே உரியது. தில்லியிலிருந்து மும்பைக்கு மாற்றல் பெற்றவர், சாமான்களை ஏற்றிய லாரி சாலையில் செல்லும்போது இப்பாலிசியை நம்ப இயலாது. அதற்குப் போக்குவரத்துக் காப்பீடு தனியே வேண்டும். புதிய முகவரியை நிறுவனத்திற்குத் தெரிவித்து, பாலிசியில் மேலெழுத்துப் பெற்ற பின்பே புதிய வீட்டில் காப்பு தொடரும். பிரிமியம் நிறுவனத்தைச் சேர்வதற்கு முன் காப்பு தொடங்காது என்பது காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு விதித்த கண்டிப்பாகும். முகவரிடம் பணம் கொடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கை மட்டும் போதாது, இரசீது வேண்டும்.

வாங்கிய சீட்டுகளையும் அறை வாரியான பொருள் பட்டியலையும் வீட்டு அலமாரியிலேயே வைத்திருப்போர், வீட்டோடு அவற்றையும் இழக்கின்றனர். ஒரு படியை அலுவலகத்திலோ வேறு ஊரிலுள்ள உறவினரிடமோ வைக்கலாம். கைப்பேசியில் எடுத்த படங்களை மின்னஞ்சலில் தமக்கே அனுப்பி வைத்துக்கொள்வது இன்னும் எளிது. இழப்பு நேர்ந்ததும் நிறுவனத்திற்கு உடனே எழுத்து மூலம் தெரிவித்து, களவாயின் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருள்களை அப்புறப்படுத்தாது வைத்திருக்க வேண்டும். நிறுவனத்தின் முடிவு நியாயமற்றது எனத் தோன்றினால், முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதலாம். ஒரு மாதத்திற்குள் மறுமொழி வராவிடினும், வந்த மறுமொழி நிறைவளிக்காவிடினும், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி இயங்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கு வழக்கறிஞர் தேவையில்லை.